தாய்நாடு தோற்க வேண்டும் என்று பிரார்த்தித்த பாதிரியார்

1940-ம் ஆண்டு, ஜூன் 17-ந்தேதி.

பால்டிக் கடற்கரையில் மேமல் என்று ஓர் ஊர். இன்று அது லிதுவேனியா நாட்டில் இருக்கிறது. அப்போது ஜெர்மனியின் வசம் இருந்தது.

அங்கே ஒரு காபிக் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. திடீர் என்று ஒலிபெருக்கி முழங்கியது. பிரான்சு பணிந்துவிட்டது என்பது செய்தி.

அவ்வளவுதான்! மக்கள் துள்ளி எழுந்தார்கள். நாற்காலிகள் மீது ஏறி நின்றார்கள். வலது கையை நீட்டி, ஹிட்லருக்கு வணக்கம் செலுத்தி, தேசியப் பாட்டைப் பாடினார்கள்.

ஒரு மேஜையில் இரண்டு பாதிரியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே ஹிட்லரை வெறுத்தவர்கள். ஆனால் மூத்தவர் எழுந்தார். மற்றவர்களைப் போலவே கையை நீட்டினார். இளையவர் திகைத்துப் போனார். நீயும் கையைத் தூக்கு என்று மூத்தவர் அவர் காதோடு சொன்னார். இந்த வெறும் வணக்கத்துக்காக உயிரை விடக்கூடாது, உயிரைப் பணயம் வைக்க வேண்டிய காரியம் வேறு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அந்த மூத்தவர்தான் டீட்ரிக் போன்ஹோபர். வெளியே வெற்றி வணக்கம் செய்த அவர், தனிமையில் மண்டியிட்டபோது தன் நாடு தோற்க வேண்டும் என்று கடவுளை வேண்டியவர்.

இரட்டைப் பிள்ளை

போன்ஹோபர் 1906-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அவரும் தங்கை சபீனாவும் இரட்டைப் பிள்ளைகள். அந்த வீட்டில் மொத்தம் 8 குழந்தைகள்.

தந்தை கார்ல், மனநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர். 1912-ல் அவருக்குப் பெர்லின் நகரில் பேராசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடியேறியது.

முதல் உலகப்போர் வந்தது. அண்ணன் வால்ட்டர் போர்முனைக்குப் போனார். 1918-ல் காயம் பட்டு இறந்தார். அவருக்கு வயது 18. தாய் பவுலா துக்கம் தாங்காமல் வாரக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகு, வால்ட்டர் வைத்திருந்த பைபிளை இளைய மகனிடம் கொடுத்தார். போன்ஹோபர் அதைக் கடைசி வரை வைத்திருந்தார். நாட்டுக்காகச் சாவது என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை 12 வயதிலேயே கண்ணால் கண்ட பையன் அவர்.

அந்தக் குடும்பத்தில் தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் அதிகம் இல்லை. ஆகவே பையன் பாதிரியாராகப் போகிறேன் என்றதும் அண்ணன்மார் கேலி செய்தார்கள். அவர் மாறவில்லை. 21 வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1930-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். நியூயார்க்கில் நீக்ரோ மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதி தேவாலயத்துக்கு வாரந்தோறும் போனார். ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் எப்படிக் கடவுளை வேண்டுகிறார்கள் என்பதை அங்கே கண்டார். அவர்களுடைய பக்திப் பாடல் இசைத்தட்டுகளை வாங்கி ஊருக்குக் கொண்டு வந்தார்.

ஹிட்லர் வந்தார்

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இரண்டே நாளில் போன்ஹோபர் பெர்லின் ரேடியோவில் பேசினார். தலைவன் தன்னையே தெய்வமாக்கிக் கொண்டால் மக்களைத் தவறான வழியில் இழுத்துச் செல்வான் என்பது பேச்சின் கருத்து. பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 1-ந்தேதி, யூதர் கடைகளில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று ஹிட்லரின் நாஜிக் கட்சி கட்டளையிட்டது. கடை வாசல்களில் கட்சிப் படையினர் காவல் நின்றார்கள். போன்ஹோபரின் பாட்டிக்கு அப்போது வயது 90. அந்த அம்மாள் காவலர்களைத் தாண்டி நேரே உள்ளே போனார். வேண்டிய சாமானை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பேரனுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

தேவாலயங்களிலும் நாஜிகள் புகுந்தார்கள். யூத வம்சத்தில் பிறந்தவர் கிறிஸ்தவராக மாறியிருந்தாலும் பாதிரியாராக இருக்கக்கூடாது என்றார்கள். பலர் தலையாட்டினார்கள். இதை ஏற்காத பாதிரியார்கள் தனியாகச் சேர்ந்து 'அறிக்கைச் சபை' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். போன்ஹோபர் அதன் முக்கியமான இளைஞர்களில் ஒருவர்.

அந்த நாளில் அவருக்கு இந்தியா மீது ஆசை பிறந்தது. வன்முறை இல்லாமல் கொடுமையை எதிர்ப்பது எப்படி என்று காந்திஜியிடம் நேரில் கற்க விரும்பினார். 1934-ல் காந்திஜி அவரை வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் அறிக்கைச் சபையின் பாதிரியார்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு 1935-ல் அவர் தலையில் விழுந்தது. இந்தியப் பயணம் நடக்காமலே போயிற்று.

பிரார்த்தனையும் குற்றம்!

நாட்டை ஆளுகிறவர்களுக்காகப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று பைபிள் கிறிஸ்தவர்களுக்குச் சொல்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆளுகிறவர் ஹிட்லராக இருந்தால்? கடவுளிடம் என்ன கேட்பது? அவருக்கு வெற்றி கொடு என்றா?

இந்தக் கேள்வி 1938-ல் ஜெர்மனி முழுவதும் வெடித்தது. ஹிட்லரின் பிறந்த நாளை ஒட்டி, அவருக்கு உண்மையாக இருப்பதாகப் பாதிரியார்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரும்பாலோர் செய்தார்கள். அறிக்கைச் சபையும் இதில் உறுதியாக நிற்கவில்லை. போன்ஹோபர் வெட்கத்தால் குன்றிப் போனார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹிட்லர் செக்கோஸ்லோவேகியா மீது படையெடுக்கப் போவதாக மிரட்டினார். போர் மூளும் போல் இருந்தது. அறிக்கைச் சபைத் தலைவர்கள் செப்டம்பர் 30-ந்தேதி தேவாலயங்களில் செய்வதற்காக ஒரு பிரார்த்தனையை எழுதி அனுப்பினார்கள். அதில் ஜெர்மனிக்கு வெற்றி கேட்கவில்லை. எங்கள் மக்கள் செய்த பாவங்களை மன்னியும், போரைத் தடுத்தருளும் என்றே வேண்டுதல் இருந்தது.

அதற்குள் மியூனிக் நகரில் ஒப்பந்தம் ஏற்பட்டு, அப்போதைக்குப் போர் நின்றது. அந்தப் பிரார்த்தனை நடக்கவே இல்லை. ஆனாலும் அது ராஜத்துரோகம் என்று நாஜிப் பத்திரிகை சீறியது. எழுதியவர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. பெரிய சபைகளின் பிஷப்புகளும் அவர்களைக் கைவிட்டார்கள். தன் நாட்டின் பாவத்தைக் கடவுளிடம் சொல்வதே குற்றம் என்ற காலம் அது.

அந்த மாதம்தான் தங்கை சபீனா, யூத வம்சத்தில் பிறந்த கணவரோடும் குழந்தைகளோடும் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். நவம்பர் 9-ந்தேதி இரவு யூதர்களின் ஆலயங்கள் நாடெங்கும் தீக்கு இரையாயின. போன்ஹோபர் தன் பைபிளைத் திறந்தார். தேவாலயங்களைப் பகைவர் எரித்ததைப் பற்றி ஒரு சங்கீதம் முறையிடுகிறது. அந்த வரியின் கீழ் கோடிட்டு, பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி வைத்தார்.

திரும்பி வந்த கப்பல்

1939-ல் போர் நெருங்கியது. போன்ஹோபரின் வயதுக்காரர்களைப் பட்டாளத்துக்கு அழைக்கும் நேரம். ஹிட்லரின் போரில் துப்பாக்கி தூக்க அவர் மனம் ஒப்பவில்லை. மறுத்தால் தண்டனை நிச்சயம். அமெரிக்க நண்பர்கள் அவரைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தார்கள். ஜூன் 12-ந்தேதி அவர் நியூயார்க்கில் இறங்கினார்.

மறுநாள், ஒரு கல்லூரித் தலைவரின் நாட்டுப்புற வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். அங்கே குடும்பம் முழுவதும் மண்டியிட்டது. ஜெர்மனியில் இருக்கும் சகோதரர்களுக்காகச் சில வார்த்தை பிரார்த்தனை செய்தது. போன்ஹோபரால் தாங்க முடியவில்லை. அன்னியர் என் மக்களுக்காக முழங்காலில் நிற்கிறார்கள், நானோ அவர்களை விட்டு ஓடிவந்துவிட்டேன் என்ற எண்ணம் அவரை வாட்டியது.

அதன் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. நியூயார்க் தெருக்களில் தனியாக அலைந்தார். கடைசியில் ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். தான் வந்ததே தவறு என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். மக்களோடு துன்பத்தைப் பங்கிட்டுக் கொள்ளாதவனுக்கு, பின்னால் நாட்டைத் திருத்தி அமைக்க உரிமை ஏது என்று அதில் கேட்டிருந்தார். ஜெர்மன் கிறிஸ்தவர்கள் தங்கள் நாட்டின் தோல்வியை விரும்ப வேண்டும். இல்லாவிட்டால் நாடு வென்று நாகரிகம் அழிவதைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை, பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு தேர்ந்தெடுக்க அவர் விரும்பவில்லை.

ஜூலையில் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1-ந்தேதி உலகப்போர் மூண்டது.

ரகசிய வேலை

அவருடைய அக்காள் கணவர் டோனானி, ராணுவ உளவு இலாகாவில் இருந்தார். அந்த இலாகாவின் தலைவர் அட்மிரல் கனாரிஸ். வெளியே பார்த்தால் ஹிட்லரின் ஒற்றர் படை. உள்ளே ஹிட்லரை ஒழிக்கச் சதி நடந்தது. போன்ஹோபரும் உளவு வேலையில் சேர்ந்ததாகப் பெயர் கொடுத்து, அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அந்தச் சதிக்காரர்கள் 1942-ல் 14 பேரை, யூதர்கள் என்று பிடிபடாமல், சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்தார்கள்.

காந்திஜியிடம் அகிம்சை படிக்க நினைத்தவர் கொலைச் சதியில் சேரலாமா? அந்தக் கேள்வியை அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். கொலை பாவம்தான் என்றே அவர் கடைசி வரை நம்பினார். அதை நியாயம் என்று சொல்லவில்லை. அந்தப் பாவத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு கடவுளின் இரக்கத்தை நம்புவது என்று முடிவு செய்தார். இது சரியா என்று இன்றும் கிறிஸ்தவர்கள் வாதாடுகிறார்கள்.

1941-ல் ஜெனீவா நகரில் டச்சு நாட்டு நண்பர் ஒருவர், இந்த நாளில் எதற்காகப் பிரார்த்திக்கிறீர் என்று கேட்டார். ஜெர்மனியின் தோல்விக்காக என்றார் போன்ஹோபர். உலகத்துக்கு என் நாடு இழைத்த துன்பத்துக்கு ஈடு செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். அந்த நண்பர் இதைப் பிற்காலத்தில் வெளியிட்டார்.

1942-ல் சுவீடனில் இங்கிலாந்து பிஷப் பெல் என்பவரைச் சந்தித்தார். சதியில் உள்ளவர்களின் பெயர்களைச் சொல்லி, உதவி கேட்டார். பெல் லண்டனில் வெளிநாட்டு மந்திரி ஈடனிடம் மன்றாடினார். பிரிட்டிஷ் சர்க்கார் பதில் அனுப்ப மறுத்துவிட்டது.

பட்டியலில் பெயர் இல்லை

1943-ம் ஆண்டு ஜனவரியில் மரியா என்ற 18 வயதுப் பெண்ணுடன் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஏப்ரல் 5-ந்தேதி ரகசியப் போலீசார் வீட்டுக்கு வந்து அவரைக் கைது செய்தார்கள். பெர்லினில் டேகல் ராணுவச் சிறையில் அடைத்தார்கள். கல்யாணம் நடக்கவே இல்லை.

அறிக்கைச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. சிறையில் வாடும் பாதிரியார்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி, தேவாலயத்தில் வாசித்து, அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். போன்ஹோபரின் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை! அவர் மதத்துக்காகச் சிறை போகவில்லை, அரசியலுக்காகப் போனார் என்று கருதினார்கள்.

அவரோ உள்ளே மற்றவர்களுக்காகப் பிரார்த்தனைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1943 கிறிஸ்துமசின்போது சக கைதிகளுக்கு என்று அவற்றை எழுதினார். படிப்பு இல்லாத சிப்பாய்க்கும் புரியும் எளிய சொற்கள். வீட்டாரையும் கைதிகளையும் நினைக்கும் அந்த வேண்டுதலில், அந்தக் கட்டடத்தில் கடினமான வேலை செய்கிறவர்களையும் சேர்த்தார். சிறைக் காவலர்களும் அதில் அடக்கம்தான். வெளியே குண்டு விழும் இரவுகளில் காயம் பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். தோற்க வேண்டும் என்று அவர் வேண்டிய அதே நாட்டின் மக்கள் அவர்கள்.

1944 ஜூலை 20-ந்தேதி ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தது. ஹிட்லர் தப்பினார். செப்டம்பரில் சதிக்காரர்களின் ரகசியக் காகிதங்கள் சிக்கின. போன்ஹோபரின் பங்கும் வெளியே வந்தது.

கடைசி ஞாயிறு

1945 ஏப்ரல் 8. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. சிறை சிறையாக இழுத்துச் செல்லப்பட்ட கைதிகள், பவேரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைபட்டிருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி போன்ஹோபரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஒருவர் கடவுள் நம்பிக்கை இல்லாத ரஷ்யர். அவர்களை வற்புறுத்துவது போல் ஆகுமோ என்று யோசித்தார். அந்த ரஷ்யரும் சம்மதம் சொல்லவே, ஆராதனையை நடத்தினார்.

பிரார்த்தனை முடிந்ததும் கதவு திறந்தது. இரண்டு பேர் வந்து அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் விடியற்காலை பிளோசன்பர்க் முகாமில், அட்மிரல் கனாரிசோடு அவரையும் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 39. அடுத்த இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. அதற்குள் அண்ணன் கிளாசும், சகோதரிகளின் கணவர்கள் இருவரும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

மே மாதம் ஜெர்மனி தோற்றது.

ஜூலை 27-ந்தேதி லண்டனில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் போன்ஹோபருக்காக ஆராதனை நடந்தது. ஜெர்மானியக் குண்டுகளால் சிதைந்த நகரம் அது. அங்கே ஒரு ஜெர்மானியருக்காக ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் பிரார்த்தித்தார்கள். நடத்தியவர் பிஷப் பெல். சபீனாவும் வந்திருந்தார்.

பி.பி.சி. அதை ஒலிபரப்பியது. இடிந்து கிடந்த பெர்லினில், போலீசார் மகனைப் பிடித்துச் சென்ற அதே வீட்டில், 77 வயதான தந்தையும் தாயும் ரேடியோவின் முன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.