கடுகு வாயுவைச் சோதித்த ஆசிரியை

ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனிகள் பல உண்டு. ஒரு புதிய மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், அது மரபணுவைக் கெடுக்குமா என்று சோதித்தாக வேண்டும். இன்று உலகம் முழுவதும் இதுதான் விதி.

இந்தச் சோதனைக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பெயர் சார்லட் அவர்பாக்.

ஜெர்மனியில் கிரேஃபெல்டு நகரில் 1899-ம் ஆண்டு மே 14-ந் தேதி பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை ரசாயன நிபுணர். சார்லட் உயிரியல் படித்து, பெர்லினில் பள்ளி ஆசிரியை ஆனார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. சார்லட்டும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தாயார் சொல் கேட்டு, நாட்டை விட்டே வெளியேறினார்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் இருந்த பிராணி மரபியல் நிலையம் அவருக்கு இடம் கொடுத்தது. 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனாலும் சம்பளம் சொற்பம். பிழைக்க வந்த ஊரில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் பலருக்கும் வழக்கம். சார்லட் அப்படி இல்லை. எக்ஸ்ரே கதிர்கள் மரபணுவை மாற்றும் என்று 1927-ல் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி முல்லர் அந்த நிலையத்துக்கு வந்திருந்தார். அவருக்கு உதவியாளாக இருக்கும்படி நிலையத்தின் தலைவர் உத்தரவிட்டபோது, தனக்கு அந்த வேலையில் விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டார். முல்லர் கோபிக்கவில்லை. விருப்பம் இல்லாதவர் தனக்கு உதவியாக வேண்டாம் என்றார். மரபணு எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பினால், அது கெடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்று யோசனையும் கூறினார். அதுவே சார்லட்டின் ஆயுட்கால வேலை ஆயிற்று.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. முதல் உலகப்போரில் சிப்பாய்களைப் பொசுக்கிய கடுகு வாயு மீண்டும் வருமோ என்ற பயம் எங்கும் இருந்தது. இந்த விஷவாயு பட்ட புண் லேசில் ஆறாது. ஆறினாலும் திரும்ப வரும். எக்ஸ்ரே புண்ணும் அப்படித்தான். அப்படியானால் மரபணுவையும் இது தாக்குமோ? மருந்தியல் பேராசிரியர் கிளார்க்குக்கு இந்தச் சந்தேகம் எழுந்தது. சோதிக்கும் பொறுப்பு சார்லட்டுக்கும் ராப்சன் என்ற டாக்டருக்கும் வந்தது.

மருந்தியல் கட்டிடத்தின் மொட்டை மாடியில், 1940-ல் சோதனை தொடங்கியது. பழ ஈக்களின் மேல் வாயு செலுத்தப்பட்டது. பாதுகாப்பு வசதி போதாது. சார்லட்டின் கைகள் வெந்து புண்ணாயின.

ஈயை எண்ணுவது என்ன பெரிய ஆராய்ச்சி என்று தோன்றலாம். வாயு பட்ட ஆண் ஈக்களைத் தனிவகைப் பெண் ஈக்களோடு சேர்த்து, பேரப்பிள்ளைகள் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மரபணுவில் உயிரைக் கொல்லும் பழுது இருந்தால், அந்தக் குப்பியில் பெண் ஈக்கள் மட்டுமே இருக்கும். ஆண் ஈ ஒன்றுகூட இருக்காது. அப்படிப்பட்ட குப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாயு பட்ட ஈயோ பார்வைக்கு நன்றாகவே இருந்தது!

ஆசிட் பட்டால் தோல் உடனே எரியும். தொழிலாளி கையை உதறிக்கொள்வான். மரபணுவில் பட்ட அடி அப்படித் தெரியாது. சில பழுதுகள் உடனே வெளிப்படாமல், செல்கள் பலமுறை பிரிந்த பிறகே தலைகாட்டுவதையும் சார்லட் கண்டார். எக்ஸ்ரேயை விட இதில் அந்தத் தாமதம் அதிகம்.

விஷயம் அறிந்த முல்லர் 1941-ல் அமெரிக்காவிலிருந்து பாராட்டித் தந்தி கொடுத்தார். ஆனால் போர் ரகசியம் என்பதால் வாயுவின் பெயரை வெளியிட அனுமதி இல்லை. 1946-ல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி ராப்போபோர்ட், பார்மலின் கரைசலில் உள்ள பார்மால்டிஹைடும் மரபணுவை மாற்றும் என்று தனியாகக் கண்டு அறிவித்தார். போர் விஷம் மட்டுமின்றி, சாதாரணத் தொழிற்சாலைச் சரக்கும் சந்தேகத்துக்கு உரியது என்று ஆயிற்று.

இதில் ஒரு விந்தை உண்டு. அதே கடுகு வாயுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனத்தை 1942-ல் அமெரிக்க டாக்டர்கள் புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி கரைந்தது. அந்த இனத்து மருந்துகள் இன்றும் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் பயன்படுகின்றன. அவற்றைக் கலக்கும் நர்சுகள் கையுறை அணிவது ஏன் என்று சார்லட்டின் குப்பிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

1970-களில் அமெரிக்காவின் புரூஸ் ஏம்ஸ், ஈக்குப் பதில் பாக்டீரியாவைக் கொண்டு இரண்டே நாளில் விடை தரும் எளிய சோதனையை வகுத்தார். மருந்துக் கம்பெனிகளின் சோதனைக்கூடங்களில் இன்று முதலில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

சார்லட் 1957-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1976-ல் டார்வின் பதக்கம் பெற்றார். அணுகுண்டுச் சோதனையால் வரும் தலைமுறைக்கு என்ன ஆகும் என்று பாமரருக்கும் விளங்கும்படி புத்தகம் எழுதினார். குழந்தைகளுக்குக் கதைப் புத்தகமும் எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பையன்களைத் தம் பிள்ளைகள் போல வளர்த்து ஆளாக்கினார். அகதியாக வந்து இறங்கிய அதே எடின்பரோவில், 1994-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, 94-வது வயதில் காலமானார்.