இரட்டை விண்மீனில் கோள் தேடியவர்

ஆகஸ்டு மாத முன்னிரவில், தாப்பாவில் விளக்கொளி குறைந்த ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சி வானில் மங்கலான விண்மீன் ஒன்று தென்படும். அதன் பெயர் 70 ஓபியூக்கி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினாலும், உண்மையில் அவை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள். ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். இந்த இணையைச் சென்னையிலிருந்து ஆராய்ந்தவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

1813இல் இங்கிலாந்தில் பிறந்த ஜேக்கப், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பொறியாளராக 1831இல் பம்பாய் வந்தார். நில அளவைப் பணி செய்த அவருக்கு வானத்தின் மீதே நாட்டம் மிகுதி. பூனாவில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் அமைத்து, 244 இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1848இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவரானார்.

அங்கே 70 ஓபியூக்கி அவருக்குப் புதிராக அமைந்தது. கணக்கிட்ட பாதைக்கும் கண்ட பாதைக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்றின் ஈர்ப்பே இதற்குக் காரணமாகலாம் என்று 1855இல் அவர் அறிவித்தார். பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு என்பதை வெறும் கற்பனையாக விடாமல், அளவீட்டின் துணையோடு முன்வைத்த துணிவு அது. ஆனால், அந்தக் கோள் இன்றுவரை உறுதிப்படவில்லை. அவ்விண்மீனுக்குப் பின்னாளில் இன்னொருவர் கூறிய கோளும், அங்கே நிலைத்திருக்க இயலாது என 1899இல் மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார்.

இருப்பினும், ஜேக்கப் எழுப்பிய கேள்வி வீணானதன்று. இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசும் தட்டுப்போல் பரவியிருக்கும். தூசுகள் திரண்டு பெரும் கருவாகி, சுற்றியுள்ள வாயுவை ஈர்த்துக்கொண்டால் வியாழன் போன்ற பெருங்கோள் உருவாகும். அருகில் இன்னொரு விண்மீன் இருந்தால், அது தட்டின் வெளிவிளிம்பைக் குலைக்கும். திரளும் பாறைகளை ஒன்றோடொன்று மோதிச் சிதறவும் வைக்கும். அத்தகைய இடத்தில் பெருங்கோள் பிறப்பது கடினம். ஆயினும், காமா செஃபெய் என்னும் நெருக்கமான இரட்டை விண்மீனில் வியாழனைவிட நிறைமிக்க கோள் ஒன்று இருப்பது 2003இல் உறுதியானது. அது எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

உடல்நலம் குன்றிய ஜேக்கப், சென்னைப் பணியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். ஆனால் மலையுச்சியின் தெளிந்த காற்றில் விண்மீன்களைக் காணும் ஆசை அவரை விடவில்லை. பூனாவுக்கு அருகில் மலைமீது வானாய்வுக்கூடம் அமைக்க அரசின் நிதியுதவி பெற்று, 1862 ஆகஸ்டு 8ஆம் நாள் மீண்டும் பம்பாயில் வந்திறங்கினார். எட்டே நாள்களில், மலையில் பணியைத் தொடங்கும் முன்பே, பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.