மேரி இரட்ணம் அம்மையாரும் இல்லறத்தின் உரிமையும்

ஆணும் பெண்ணும் கூடி வாழும் இன்பம் மனிதரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றா என்னும் வினா இன்று அறிஞர் அவைகளில் எழுப்பப்படுகின்றது. உணவும் உடையும் உறையுளும் உரிமையாயின் இதுவும் உரிமையே என்பர் ஒரு சாரார். அங்ஙனமாயின் அதனை வழங்கும் கடமை யாருடையது என்று திருப்பிக் கேட்பர் மறுசாரார். அவர்கள் கேள்வி கூர்மையானது. அரிசியை அளந்து கொடுப்பதுபோல் ஓர் உடலை இன்னொருவர்க்கு அளந்து கொடுக்க எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும் வழக்கை அவ்விடத்திலேயே முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. டொக்டர் மேரி இரட்ணம் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபின் அந்த வினாவே எனக்கு வேறாகத் தோன்றலாயிற்று. அகத்திணையியல், களவியல், கற்பியல் என இயல்கள் வகுத்த இலக்கணம் உடைய நாம் இதைப் பேச நாணுவதற்குக் காரணமும் இல்லை.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர் மேரி இர்வின். பெண்கள் வைத்தியம் கற்பதே புதுமையாயிருந்த நாளில் ரொறன்ரோவிற் பயின்று வைத்தியரானார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் பெண்கள் வைத்தியப் பணிக்கெனத் தெரிவுசெய்யப்பட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். வழியில் நியூயோர்க்கில், அமெரிக்காவிற் கல்வி கற்றுக்கொண்டிருந்த இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தைச் சந்தித்தார். இருவரும் 1896இல் மணம்புரிந்தனர்.

கறுத்த மக்களுக்குத் தொண்டுசெய்ய ஒரு வெள்ளைப் பெண்ணை அனுப்பத் தயங்காத மிஷன், அவள் அவர்களுள் ஒருவரை மணந்தாள் என்றதும் தயங்கிற்று. யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கதவு அடைபட்டது. அம்மையார் எடுத்துப் படித்த நோயாளிகளின் பட்டியலில், இந்த நோய்க்குத்தான் மருந்து இருக்கவில்லை போலும்! தம் துணையைத் தாமே தேர்ந்தமைக்காகத் தொழிலை இழந்தவர் அவர். பிற்காலத்தில் அவர் பேசியவை யாவும் ஏட்டிற் கற்ற கொள்கைகள் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

கொழும்பிற் குடியேறிய அம்மையார் அங்கே தனியாக வைத்தியத் தொழிலை நடத்தினார். ஆண் வைத்தியரிடம் வாய்திறவாத பெண்கள் அவரிடம் வந்தனர். 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தைத் தோற்றுவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். கிராமத்துப் பெண்களுக்கென லங்கா மகிளா சமிதியை ஆரம்பித்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. இவற்றையெல்லாம் விரித்துரைக்கப் பிறர் உளர். நான் நிற்க விரும்பும் இடம் வேறு.

அதே 1937இல், கருத்தடை பற்றிப் பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் நிலையமொன்று கொழும்பில் அவர் முயற்சியாலே திறக்கப்பட்டது. பிள்ளைப்பேற்றைக் கடவுள் கொடை எனக் கருதியவர் அதனைப் பழித்தனர். ஒழுக்கம் கெடும் என்றனர் வேறு சிலர். நிலையம் நீடிக்கவில்லை. இந்தியாவிலும் இதே வழக்கு நடந்த காலம் அது. 1935 டிசம்பரில் மார்கரட் சாங்கர் வார்தாவுக்குச் சென்று காந்தியடிகளுடன் இதுபற்றி வாதித்தார். பிள்ளை வேண்டாதபோது தம்பதியர் புலனடக்கம் காத்தலே வழி என்றார் அடிகள். அடிகளிடம் எனக்குள்ள பற்று குறைவன்று. ஆனால் அடக்கம் என்பது இருவரில் ஒருவர் மட்டும் கைக்கொள்ளத்தக்க நோன்பு அன்றே! கணவன் மறுக்கும் அடக்கத்தை மனைவி எங்ஙனம் காப்பாள்? ஆண்டுதோறும் பிள்ளைபெற்று உடல் தேய்ந்த பெண்களை வைத்தியர் என்ற முறையில் அம்மையார் நேரிற் கண்டவர். அச்சமின்றிக் கணவனுடன் வாழவும், வேண்டாதபோது மறுக்கவும், எத்தனை பிள்ளை என்று தானே தீர்மானிக்கவும் பெண்ணுக்கு அறிவு வேண்டும் என்பதே அவர் நிலையத்தின் பொருள் என்று நான் கொள்கின்றேன்.

ஹற்றனிற் படிப்பிக்கும் நான் இவ்வாழ்க்கையைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பார்க்காமல் வேறெங்கிருந்து பார்ப்பது? அம்மையாரின் பணி பெரும்பாலும் கொழும்பிலும் சிங்களக் கிராமங்களிலுமே நடந்தது. ஆயினும் அவர் அங்கம் வகித்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் எங்கள் மக்களை ஒருமுறை நினைத்தது. 1928இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே என்னும் கருத்தில் விடைகூறினார் சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா அம்மையார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த சட்டமும் அந்த வாக்கைப் பறித்தமை யாவரும் அறிந்ததே.

வாக்கு போனது வரலாற்றில் இடம்பெற்றது. லயத்துக் காம்பராவில் என்ன இல்லாதிருந்தது என்பது இடம்பெறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் தாய் தந்தை, மணமான மகன், மருமகள், பருவமடைந்த பெண், கைக்குழந்தை. நான் பிறந்து வளர்ந்ததும் அத்தகைய காம்பராவில்தான். பழஞ்சேலையைக் குறுக்கே கட்டித் தம்பதியர்க்கு மறைவு செய்வர். முதியோர் மலைக்குளிரில் இஸ்தோப்பிற் படுத்துக்கொள்வர். அடுத்த காம்பராவின் இருமலும் சண்டையும் சுவருக்கப்பாலிருந்து கேட்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். தோட்டத்தில் தொழிலாளியின் உழைப்புக்குக் கணக்கு இருந்தது; கொழுந்தின் நிறைக்குக் கணக்கு இருந்தது. இரு மனிதர் ஒருவரோடொருவர் தனித்திருப்பதற்கு இடம் வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 1968இல் டெஹ்ரானில் நடந்த மனித உரிமை மாநாடு, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தாமே தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 1980இல் இலங்கை அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர்க்குப் பணம் வழங்கத் தொடங்கிற்று. அத்தொகை பின்னர் 500 ரூபாவாயிற்று. நாட்கூலியில் வாழ்ந்த பெண்ணுக்கு அது சிறிய தொகையன்று. அச்சிகிச்சை பெற்ற பெண்களின் வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் உயர்ந்து நின்றது. வறுமையிலிருப்பவளிடம் பணத்தைக் காட்டிப் பெறும் ஒப்புதல் எத்தகைய ஒப்புதல்? அம்மையார் 1937இல் திறந்த நிலையத்திற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. கருவி ஒன்றே, அங்கே முடிவு பெண்ணிடம் இருந்தது.

ஆகவே, ஒருவருக்குத் துணை தரும்படி உலகத்தைக் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. துணையைத் தேர்வதிலும், தன் உடலைப் பற்றி அறிவதிலும், இசைவதிலும் மறுப்பதிலும், இசைந்த இருவர் தாழிட ஒரு கதவு பெறுவதிலும் உரிமை உண்டு. மறுப்பதைப் பற்றிச் சட்டம் இன்னும் தயங்குகின்றது: 1995இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை, இருவரும் நீதிமன்றத்தாற் பிரிக்கப்பட்டிருந்தாலன்றி வல்லுறவாகக் கொள்ளவில்லை.

1953இல் குடும்பத் திட்டமிடற் சங்கம் கொழும்பில் நிறுவப்பட்டபோது அம்மையாருக்கு வயது எண்பதை அண்மித்திருந்தது. 1958இல் மகசேசே பரிசு அவரைத் தேடி வந்தது. 1962இல் காலமானார். முன்பு பழிக்கப்பட்ட அப்பணியை 1965இல் அரசு தன் பணியாக ஏற்றுக்கொண்டது. தோட்டங்களில் தனிவீடுகள் எழத் தொடங்கியுள்ளன. லயங்களும் இன்னும் நிற்கின்றன.