இராபர்ட் ஹூக்

கொல்லன் உலைத்துருத்தியை விரிக்குங்கால் காற்று உட்புகுகின்றது, அமுக்குங்கால் வெளியேறுகின்றது. நம் மார்பும் அத்தகையதொரு துருத்தியே. அதன் இயல்பை ஆராய்ந்து கண்ட அறிஞருள் ஒருவர் இராபர்ட் ஹூக்.

இவர் 1635-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். உடல் மெலிந்தவராயினும் கைத்திறம் மிக்கவர். ஆக்சுபோர்டில் பயிலுங்கால் இராபர்ட் பாயில் என்னும் அறிஞர்க்கு உதவியாளராகி, கலத்திலுள்ள காற்றை வெளியேற்றும் பொறியொன்றை அமைத்துக் கொடுத்தார். அடைபட்ட காற்றின் பருமன் பெருகின் அழுத்தம் குறையும் என்னும் விதியைப் பாயில் 1662-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஹூக், இலண்டன் இராயல் கழகத்தின் சோதனைப் பொறுப்பாளரானார்.

நாம் மூச்சு விடுதலும் அவ்விதியின்படியே நிகழ்கின்றது. நுரையீரல் தானே விரியும் ஆற்றல் உடையதன்று. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்க, விலா எலும்புகள் மேலெழ, மார்புக்கூடு அகல்கின்றது. அதனுடன் நுரையீரலும் விரிகின்றது. உள்ளே அழுத்தம் குறைதலின் வெளிக்காற்று புகுகின்றது. மார்புக்கூடு சுருங்க, அழுத்தம் மிகுந்து காற்று வெளியேறுகின்றது. மார்புச்சுவர் திறக்கப்படின் இத்தொழில் கெட்டு நுரையீரல் சுருங்கிவிடும்.

உயிரைக் காப்பது நுரையீரலின் அசைவா, அதனுட் புகும் காற்றா என்னும் ஐயம் அந்நாளில் நிலவியது. 1664-இல் ஹூக், மார்பு திறக்கப்பட்ட நாயொன்றன் மூச்சுக்குழலில் துருத்தியால் காற்றூதி, அதனை ஒரு மணி நேரத்திற்கு மேல் உயிருடன் வைத்திருந்தார். ஆயினும் அவ்வுயிர் பட்ட துன்பம் அவர் நெஞ்சை வருத்தியது. அச்சோதனையை மீண்டும் செய்ய அவர் விரும்பினாரல்லர்.

ஐயமோ தீரவில்லை. ஆதலின் 1667-இல், ரிச்சர்டு லோயர் என்னும் மருத்துவரின் துணையுடன் அதனை மீண்டும் செய்தார். நுரையீரலின் மேற்புறத்தில் நுண்துளைகள் இட்டு, இரு துருத்திகளால் இடையறாது காற்றைச் செலுத்தினார். நுரையீரல் அசைவற்று விரிந்தே நின்றது, நாயோ உயிரோடிருந்தது. காற்று நின்றபோது அது துடித்தது. மீண்டும் செலுத்தியபோது தெளிந்தது. உயிர்க்கு வேண்டுவது தூய காற்று. மார்பின் அசைவு அதனைக் கொணரும் கருவி என்பது புலனாயிற்று.

ஹூக் 1703-இல் இலண்டனில் காலமானார். மூச்சொடுங்கிய நோயாளர்க்குக் காற்றை உட்செலுத்தி உயிர் காக்கும் பொறிகள் இன்று மருத்துவமனைகளில் உள்ளன. இவ்வறிவுக்கு வாயில்லா உயிரொன்று தந்த விலையை ஹூக் நன்குணர்ந்திருந்தார். அறிவு வேட்கை மிக்க இடத்தும் அருள் குன்றாத நெஞ்சமே அறிஞர்க்கு அணிகலனாகும்.