வேட்டைக்காரர் காத்த வனம்

ஹிமாலயத்தின் அடிவாரத்திலே, ராமகங்கை நதி பாயும் காட்டில், இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டது. அது இன்று ஜிம் கார்பெட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புலிகளைச் சுட்டுப் புகழடைந்த ஒருவரின் பெயர் புலிகள் வாழும் வனத்துக்கு வந்த வரலாறு, தேசத் தொண்டர்கள் அறியத் தக்கதாகும்.

கார்பெட் 1875-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி நைனிடாலில் பிறந்தார். ஐரிஷ் வம்சத்தவரான அவருடைய தகப்பனார் அவ்வூர்ப் போஸ்டு மாஸ்டர். பாலப் பிராயத்திலேயே தந்தையை இழந்த கார்பெட், குளிர்காலந்தோறும் காலாடுங்கியில் தங்கி, மிருகங்களின் அடிச்சுவட்டையும் பறவைகளின் குரலையும் கற்றுத் தேர்ந்தார். பின்னர் மொகாமா காட் என்னும் கங்கைத் துறையில் இருபது வருஷங்களுக்கு மேல் ரயில்வே சரக்குகளை மாற்றியேற்றும் வேலையை நடத்தினார். 1907-ல் சம்பாவத் பெண்புலியையும், 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் கொன்றார். முன்னது 436 பேரையும் பின்னது 125 பேரையும் பலிகொண்டதாகக் கணக்கு. குமாவோன் ஜனங்கள் அவரிடம் பேரன்பு பூண்டதில் வியப்பில்லை.

வெள்ளை உத்தியோகஸ்தர்களும் சமஸ்தானாதிபதிகளும் வினோதத்துக்காகப் புலிகளைச் சுட்டுக் குவித்த காலம் அது. கார்பெட்டும் வைஸ்ராய்க்கு வேட்டை ஏற்பாடு செய்தவரே, அதை மறைப்பதற்கில்லை. எனினும் வனஜீவன்கள் அருகி வருவதைக் கண்ட அவர், நாளடைவில் துப்பாக்கியை விட்டுப் படம் பிடிக்கும் கருவியை நாடினார். ஐக்கிய மாகாணத்தில் ஹெய்லி துரை கவர்னராயிருந்த காலத்தில் புதிய பூங்காவின் எல்லைகளை வகுக்க உதவினார். அவ்வெல்லைக்குள் வேட்டை விலக்கப்பட்டது. 1947-ல் கென்யா தேசம் சென்றபோது தமது கிராம நிலத்தைக் குடியானவர்களிடமே விட்டுச் சென்றார். 1955-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி நியேரி நகரில் காலமானார். அதன் பின்னரே பூங்காவுக்கு அவர் பெயர் இடப்பட்டது.

1973-ல் புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் அவ்வனத்திலேயே ஆரம்பமாயிற்று. 2022-ம் வருஷத்துக் கணக்கின்படி அங்கு 260 புலிகள் இருந்தன. வேறெந்தக் காப்பகத்திலும் அத்தனை இல்லை. ஆனால் அதே சட்டத்தின் காவலில் இருந்த ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் 2005-ல் ஒரு புலியும் மிஞ்சவில்லை. மத்தியப் பிரதேசத்துப் பன்னாவுக்கு 2009-ல் அதே கதி நேர்ந்தது. திருட்டு வேட்டை காட்டைக் காலி செய்திருந்தது. வேறு வனங்களிலிருந்து புலிகளைக் கொணர்ந்து விடவேண்டியதாயிற்று. எல்லைக் கல்லும் சட்டப் புஸ்தகமும் தாமே காவல் புரிந்துவிடா என்பது இதனால் விளங்கும்.

ஜனங்களைப் பகைத்துக்கொண்டும் காட்டைக் காக்க இயலாது. குமாவோனில் சர்க்கார் மேய்ச்சலையும் விறகையும் தடுத்ததனால், 1921-ல் ஜனங்கள் காடுகளுக்கே தீ வைத்தனர். அதன் பிறகே, கிராமத்தார் தாமே காடு காக்கும் வன பஞ்சாயத்துகளுக்கு 1931-ல் விதிகள் ஏற்பட்டன.

ஆகவே, இரவிலும் மழையிலும் காட்டைச் சுற்றும் காவலனுக்குக் காலத்தில் சம்பளமும், புலிக்கு மாட்டைப் பறிகொடுத்த ஏழைக்குத் தாமதமின்றி நஷ்ட ஈடும் கிடைக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் சட்டசபைகளில் குரல் எழுப்புவது, காடுகளை நமது சொத்தென்று பேசும் ஒவ்வொருவரின் கடமையாகும்.