மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதல் நாவலென்று போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையவர்கள், திரிசிரபுரத்தையடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு தோன்றியவர். தமிழும் ஆங்கிலமும் பயின்று, திரிசிரபுரம் நியாயஸ்தலத்தில் அலுவல் ஏற்று, பின்னர்த் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக வீற்றிருந்தார். ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். வழக்காடுவோன் தன் வழக்கின் முடிவைத் தன் மொழியிலேயே உணரவேண்டுமென்பது அவர் கொள்கை.

நாள்தோறும் பொய்யும் மெய்யும் எதிரெதிர் நின்று வாதாடக் கேட்டவர்க்கு மக்களியல்பு மறைந்திருத்தல் கூடுமோ? எனினும் அவர் கசப்படைந்தாரில்லர், நகைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்தில் தவறினால் அடி விழுவது உடன் பயிலும் ஏழைச் சிறுவன் கனகசபைக்கு! ஆசிரியத் தொழில் பூண்ட நாம் இப்பகுதியைப் படிக்குந்தோறும் நகைப்போம், உடனே நாணுவோம். செல்வத்துக்கு அஞ்சிப் பிரம்பைத் திசை திருப்பும் வழக்கம் அக்கதையோடு ஒழிந்துவிட்டதென்று நாம் துணிந்து சொல்வதற்கில்லை.

செருப்புத் தைத்தவனுக்குக் கூலி பேசாது, மகிழச் செய்வேனென்று வாக்களித்த பிரதாபன், எவ்வளவு கொடுத்தும் அவன் மகிழாமையால் வழக்கிற் சிக்குகின்றான். ஆணுடையில் அரசு புரியும் ஞானாம்பாளோ, தான் அரசேற்றது அவனுக்கு மகிழ்ச்சிதானா என வினவுகின்றாள். இல்லையென்னவும் இயலாது, ஆமென்றால் வழக்கும் போயிற்று! பெண்கல்விக்காகப் பெண்மதிமாலை பாடிய ஆசிரியர், கணவனினும் மதியிற் சிறந்தவளாக ஞானாம்பாளைப் படைத்தது தற்செயலன்று. நூல் முழுதும் இச்சுவையே நிலவுகின்றதென்று கூறோம். இடையிடையே அறவுரை நீண்டு கதையை நிறுத்திவிடுகின்றது. ஆயினும் தமிழறிந்த நியாயாதிபதியின்முன் தமிழறிந்த வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதித்தலை அவர் எள்ளும் இடம் ஒன்றே அக்குறையை ஈடுசெய்யும். கட்சிக்காரன் பொருளுங் கொடுத்து, தனக்காகப் பேசப்படுவது யாதென அறியாது விழிக்கின்றானன்றோ!

கிறிஸ்தவராகிய இவர்க்குச் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் உற்ற நண்பர். இவர்மீது குளத்துக் கோவை பாடியவர். இவர் தாமும் எம்மதத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். 1876ஆம் ஆண்டு தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அவ்வள்ளன்மையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து பாடினார். சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவல் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈராண்டு கழித்து, 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிள்ளையவர்கள் காலமானார்கள்.