பாணை விலக்கிய வைத்தியர்

ஒல்லாந்து தேசத்து நகரங்களிலே மாலை வேளையில் உலாவச் செல்லும் பிரயாணி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கினாலேயே வழியறிந்துவிடலாம். வெண்ணெயும் சீனியும் கறுவாவும் ஒருங்கே வேகும் வாசனை வீதி தோறும் பரந்து நிற்கும். இரு மெல்லிய அடைகளுக்கிடையே பாகு பூசி அழுத்திய ஸ்ரூப்வாஃபல், நம்மவர் பணியாரச் சட்டியை ஒத்த குழிச்சட்டியிலே சுட்டெடுக்கும் பொஃபர்ச்சஸ், அப்பிள் துண்டங்களை நிறைத்துச் சுட்ட அப்பிள் பணியம் எனப் பலகாரங்கள் பலவுண்டு. இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கோதுமை மாவே. அம்மாவிலுள்ள குளூற்றன் என்னும் பசைப் புரதம் சிலரது குடலுக்கு நஞ்சாகும். சீலியாக் நோயினரான அவர்கள், ஐரோப்பியருள் ஏறக்குறைய நூற்றுக்கொருவர் ஆவர். கண்ணாடிப் பெட்டியின் முன்னே நின்று இவற்றுள் எதனை உண்ணலாம் என்று வினவ வேண்டிய நிலையினர் அவர்கள். இன்று அவ்வினாவுக்கு விடை கூறக் கடைக்காரர் கடமைப்பட்டிருக்கின்றார். அவ்விடையைத் தேடித் தந்தவர் அந்நாட்டிலேயே பிறந்து, வாழ்ந்து, மறைந்த குழந்தை வைத்தியர் வில்லம் காரல் டிக்கே ஆவார்.

டிக்கே 1905ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ற் என்னும் ஊரிற் பிறந்தார். லைடன் சர்வகலாசாலையிலே வைத்தியம் பயின்று, 1929இலிருந்து ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் வைத்தியசாலையிற் குழந்தை வைத்தியத்திலே சிறப்புப் பயிற்சி பெற்றார். 1936இல், முப்பத்தொரு வயதிலேயே, அவ்வைத்தியசாலையின் தலைமை அவர் கைக்கு வந்தது.

அக்காலத்திலே சீலியாக் நோய் வைத்தியரைத் தலைகுனிய வைத்த நோய்களுள் ஒன்று. பால்குடி மறந்து, பாணும் கஞ்சியும் உண்ணத் தொடங்கிய சிறிது காலத்துள் குழந்தை மெலியும். கைகால்கள் குச்சியாக, வயிறு மட்டும் பானைபோல் உப்பும். மலம் வெளிறி, கொழுப்புக் கலந்து, நாற்றமெடுத்துப் போகும். சிரித்து விளையாடிய குழந்தை சிடுசிடுத்து மூலையிற் கிடக்கும். பல குழந்தைகள் இறந்தன; பிழைத்தவையும் வளர்ச்சி குன்றி நின்றன.

நோய் புதியதன்று. பழைய கிரேக்க வைத்தியரான அரெற்றேயஸ், வயிற்றைக் குறிக்கும் சொல்லைக்கொண்டே இதற்குப் பெயரிட்டார். லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ 1887இல் நிகழ்த்திய விரிவுரையிலே இந்நோயைத் தெளிவுற வருணித்து, குணப்படுத்த வழியுண்டாயின் அது உணவினாலேயே கூடும் என்று உணர்த்தினார். நோக்குச் சரியே, ஆயினும் எவ்வுணவு என்பதிலே அவர் வழி தப்பியது. சோறும் சவ்வரிசியும் ஆகா என்று விலக்கிய அவர், மெல்லிதாக வெட்டி இருபுறமும் வாட்டிய பாணை அனுமதித்தார்! நோய்க்கு அஞ்சவேண்டாத அரிசி வெளியே போக, நோயின் மூலமே தட்டிலே தங்கிவிட்டது. ஒல்லாந்து தேசத்துச் சிப்பிகளை நாள்தோறும் உண்டு தேறிய ஒரு குழந்தை, சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் ஜீ எழுதி வைத்தார். சிப்பியின் சிறப்பு அதிற் கோதுமை இல்லாமையே என்பதை அறிய அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1924இல் நியூயோர்க் நகரத்து வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். பாண், பிஸ்கற், தானியங்கள் யாவற்றையும் நிறுத்தி, வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்தால் குழந்தைகள் தேறின. உலகமெங்கும் வாழைப்பழத்துக்குப் பெருமை வந்தது. குணமாயிற்றென நம்பிப் பழைய உணவுக்குத் திரும்பியவர்கள் மீண்டும் மெலிந்தபோதும், பழம் செய்த நன்மையைப் பற்றியே பேசினரேயன்றி, பாண் செய்த தீமையைப் பற்றி ஒருவரும் பேசினாரில்லர். பாணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஐரோப்பியர் மனம் எளிதில் இசையுமா? அது அவர்களுக்கு உணவு மட்டுமன்று, உணவென்ற சொல்லுக்கே மறுபெயர். மெலிந்த பிள்ளைக்கு மேலும் ஒரு துண்டு பாணை ஊட்டுவதே தாயன்பு என்றிருந்த நாடுகள் அவை.

டிக்கேயின் சிந்தையிற் பொறி தட்டியதும் ஒரு தாயினாலேயே என்பர். பாணை நிறுத்தினால் தன் பிள்ளையின் நோய் தணிவதை அவள் கண்டு வந்து கூறினாளாம். பிள்ளையை இரவும் பகலும் பார்த்திருப்பவள் கூறியதைக் கற்றவர் பலர் காதிற் போட்டுக்கொள்ளார், டிக்கே போட்டுக்கொண்டார். அவருடைய பெருமையின் பாதி இதிலேயே அடங்கும் என்பது என் துணிபு. 1930களின் நடுப்பகுதியிலிருந்து கோதுமையற்ற உணவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1941இலே ஒல்லாந்த வைத்திய ஏடொன்றில் அதுபற்றி எழுதினார். போர் நடந்த காலம். நாடு ஜெர்மானியர் கையில். எழுதிய மொழியோ எல்லை கடந்தால் படிப்பாரில்லாதது. அக்கட்டுரை உலகத்தின் கண்ணிற் படவில்லை.

பின்னர் வந்தது 1944-45ஆம் ஆண்டுப் பசிக் குளிர்காலம். ஒல்லாந்தப் புகையிரத ஊழியரின் வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க ஜெர்மானியர் மேற்கு நகரங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். ஹேக், ஆம்ஸ்ரர்டாம் முதலிய நகரங்களில் மக்கள் சீனிக்கிழங்கையும் டியூலிப் பூவின் கிழங்கையும் அவித்துத் தின்றனர். ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் மாண்டனர். ஊரெல்லாம் வாடிய அந்நாளிலே சீலியாக் நோயுற்ற குழந்தைகளின் நிலை மட்டும் சீர்பட்டது. பாண் திரும்பியதும் அவர்கள் மறுபடி நோயுற்றனர். விமானங்கள் வானத்திலிருந்து பாணைச் சொரிந்தன, அதனை உண்டு குழந்தைகள் வீழ்ந்தன என்று இக்கதையைச் சுவைபடச் சொல்வாருளர். சுவீடன் தேசத்து மா 1945இன் தொடக்கத்திலே கப்பலில் வந்து, ஒல்லாந்தப் பேக்கரிகளிலே பாணாயிற்று. விமானங்கள் உணவைப் போட்டது ஏப்பிரல் இறுதியிலேதான். பஞ்சமே டிக்கேக்கு ஞானம் தந்தது என்பதும் மிகை. அவர் முன்னரே கொண்டிருந்த ஐயத்தை அது வலியுறுத்தியது, அவ்வளவே.

ஐயம் வேறு, நிரூபணம் வேறு. போர் முடிந்தபின் டிக்கே உத்ரெக்ற் நகரத்து இருவரைத் துணைக்கொண்டார். ஒருவர் வன் டி காமர் என்னும் இரசாயன அறிஞர். மற்றவர் வையர்ஸ் என்னும் குழந்தை வைத்தியர். மலத்திலே கழியும் கொழுப்பை அளவிட வன் டி காமர் 1949இல் நம்பத்தகுந்த முறையொன்றை வெளியிட்டார். இதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பவர் சுளிக்கலாம். ஆயினும் அந்த அளவுகோல் இல்லாவிடில் உண்மை வெளிப்பட்டிராது. உணவிற் கோதுமையைச் சேர்த்தபோது கழியும் கொழுப்பு ஏறியது, விலக்கியபோது இறங்கியது. ரை என்னும் தானியமும் அவ்வாறே தீங்கு செய்தது. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மா தீங்கு செய்யவில்லை.

இந்த ஆராய்ச்சியைச் சுமந்த 1950ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு உத்ரெக்ற் சர்வகலாசாலை அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. வைத்தியசாலையின் தலைவராகப் பதினான்கு ஆண்டுகள் கழித்தபின், நாற்பத்தைந்தாம் வயதிலே பெற்ற பட்டம் அது. 1952இலே பர்மிங்ஹாம் நகரத்து ஆராய்ச்சியாளர் இம்முடிவை உறுதிப்படுத்தினர். 1953இல் டிக்கே குழுவினரின் ஆங்கிலக் கட்டுரைகள் வெளிவந்து உலகறிந்தன.

அவற்றுள் ஒரு முடிவு நம் பிரயாணிக்கு நேரே உரியது. கோதுமை மாவை நீரிற் பிசைந்து கழுவினால் மாச்சத்து பிரிந்து, குளூற்றன் பசையாய் எஞ்சும். தீங்கு அப்பசையிலேதான், அதிலும் மதுசாரத்திற் கரையும் பகுதியிலே உள்ளது, மாச்சத்தோ தீங்கற்றது. ஆதலால் நோயுற்ற பிள்ளைக்கும் பிறந்தநாளுக்குக் கேக் சுட்டுக் கொடுக்க வழி பிறந்தது. வாழ்நாள் முழுதும் ஓர் உணவை விலக்கும்படி குழந்தைக்கு விதிக்கும் வைத்தியர், அதற்கு மாற்றையும் காட்டாவிட்டால் விதி நிலைக்குமா?

இன்றும் ஒல்லாந்து நகரங்களில் இனிப்புத் தேடும் நோயாளி அந்த வழியிலேயே நடக்கின்றார். வாதுமைப் பருப்பும் சீனியும் முட்டையின் வெண்கருவும் கொண்டு செய்யும் பிற்றர்கூக்யஸ் என்னும் பண்டம் இயல்பாகவே கோதுமையற்றது. வெண்கருவை நுரைக்க அடித்து உலர்த்திய இனிப்பும், பாற்சோறும், சோள மாவினாற் கெட்டியாக்கிய வ்லா என்னும் பாற்களியும் பெரும்பாலும் அவ்வாறே. பக்வீற் என்பதன் பெயரிலே கோதுமை ஒலித்தாலும் அது கோதுமை இனமன்று. எனினும் பொஃபர்ச்சஸ் சுடுவோர் அதனுடன் கோதுமை மாவையும் கலப்பதுண்டு. ஒரே சட்டியிலே இரண்டையும் சுடுவதுமுண்டு. கேட்டறியாமல் உண்ணலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2014 டிசம்பர் 13 முதல், பொதி செய்யாது விற்கும் பலகாரத்திலும் குளூற்றன் உள்ள தானியம் உண்டா என்பதை வாங்குவோருக்கு அறிவித்தல் வேண்டும். குளூற்றன் அற்றது என்று பெயரிட வேண்டுமாயின் ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது.

டிக்கே கூறிய யாவும் நிலைத்துவிடவில்லை. ஓற்ஸ் தானியத்தையும் அவர் விலக்கினார். 1995இல் வெளியான பின்லாந்து ஆராய்ச்சி முதலியவற்றால், வேறு தானியம் கலவாத ஓற்ஸைப் பெரும்பாலான நோயாளர் தாங்குவர் என்று தெரிய வந்தது. நோயினாற் சிறுகுடலின் உட்சவ்வு தேய்ந்து மட்டமாகும் என்பதும் பிறர் கண்டதே.

1957இலே டிக்கே உத்ரெக்ற் சர்வகலாசாலையிற் பேராசிரியராகி, அந்நகரத்து வில்ஹெல்மினா குழந்தைகள் வைத்தியசாலையின் தலைமையையும் ஏற்றார். அப்பதவியிலே நெடுநாள் இருக்க விதி இடங்கொடுக்கவில்லை. 1962இல் உத்ரெக்ற் நகரிலேயே காலமானார். ஒல்லாந்து தேசத்து இரைப்பை குடல் வைத்தியர் சங்கம் அவர் பெயரால் ஒரு பொற்பதக்கம் ஏற்படுத்தியுள்ளது.